பீமின் நடுவில் 50 கிலோ: மோதல் சோதனைக்கான செய்முறைப் பதிவு

திருகோணமலையில் கொங்கிறீட் பீம்கள் அசையாத சுமையை மட்டும் தாங்கிக்கொண்டு நிற்பதில்லை. இறங்குதுறை விளிம்புப் பீமில் ஆழ்கடல் படகு முட்டுகிறது. களஞ்சியசாலை வாசலில் பெட்டி உயர்ந்த லொறி தலைப்பீமில் இடிக்கிறது. மாடி எழும்பும்போது மேலேயிருந்து கம்பிக் கட்டு நழுவி கீழ்ப்பீமில் விழுகிறது. மெதுவாக ஏற்றிய சுமையில் பதமாக வளைந்து, வெடிப்புக் காட்டி, முன்கூட்டியே எச்சரிக்கும் அதே பீம், இப்படியான இடியில் நடுவிலே வெட்டுப்பட்டுப் போகலாம்.

வளையக் கம்பியை (நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையங்களை) ஓரங்களில் நெருக்கியும் நடுவில் விரித்தும் கட்டுவது எங்கும் உள்ள பழக்கம். பரவலாக இறங்கும் நிலைச்சுமைக்கு அது சரியான பழக்கந்தான். அங்கே கொய்வு விசை, அதாவது பீமைக் குறுக்கே வெட்டப் பார்க்கும் விசை, தாங்கிகளருகே கூடவும் நடுவில் பூச்சியமாகவும் இருக்கும். மோதலில் கணக்கு மாறுகிறது. இடி விழுந்த இடமே முதலில் கொய்வுக்கு உள்ளாகிறது. இதைக் கையால் செய்து கண்ணால் பார்க்க ஆறு சிறிய பீம்களும், 50 கிலோ இரும்பும், 1 மீற்றர் உயரமும் போதும். தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களும் மேசன்மாரும் சேர்ந்து செய்யக்கூடிய அளவிலேயே கீழே எல்லாம் தரப்பட்டிருக்கிறது.

பீமின் அளவும் அதன் பலமும்

பீம் 100 மி.மீ. அகலம், 150 மி.மீ. உயரம், 1500 மி.மீ. நீளம். தாங்கிகளுக்கு இடையில் 1200 மி.மீ.; இரு பக்கமும் 150 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அடியில் வரியுள்ள 10 மி.மீ. கம்பி 2, மேலே வழுவழுப்பான 6 மி.மீ. கம்பி 2, கவர் (கம்பிக்கு வெளியே உள்ள கொங்கிறீட் தடிப்பு) 20 மி.மீ. மொத்தம் ஆறு பீமில் இரண்டுக்கு 6 மி.மீ. வளையம் 75 மி.மீ. இடைவெளியில், இரண்டுக்கு 150 மி.மீ. இடைவெளியில், மீதி இரண்டுக்கு வளையமே இல்லை. அவற்றில் கம்பிக்கூட்டைப் பிடித்துவைக்கத் தாங்கிக்கு வெளியே இரு முனையிலும் ஒவ்வொன்று மட்டும். ஒவ்வொரு சோடியிலும் ஒன்றை மெதுவாக ஏற்றி முறிக்க வேண்டும், மற்றதை இடித்து முறிக்க வேண்டும். சோடி இல்லாமல் இடித்துப் பார்த்தால் வித்தியாசம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

கம்பியின் இளகு தகைப்பை (கம்பி மீளாமல் நீளத் தொடங்கும் அளவை) 500 நியூற்றன்/சதுர மி.மீ. என்றும், கொங்கிறீட் கனசதுரப் பலத்தை 30 என்றும் எடுத்தால், பயன்படும் ஆழம் (மேல்மட்டத்திலிருந்து அடிக்கம்பியின் நடுவரை) 119 மி.மீ. வளைவுத் தாங்குதிறன் ஏறத்தாழ 7.9 கிலோநியூற்றன் மீற்றர். நடுவில் ஒரே புள்ளியில் ஏற்றினால் 26 கிலோநியூற்றனில், அதாவது 2.7 தொன் அளவில், அடிக்கம்பி இளகத் தொடங்கும். அப்போது ஒவ்வொரு தாங்கியிலும் கொய்வு 13 கிலோநியூற்றன். பாதுகாப்புக் காரணி சேர்க்காமல் பார்த்தால் கொங்கிறீட் தனியே தாங்கக்கூடியதும் கிட்டத்தட்ட அதேதான், 14 கிலோநியூற்றன். ஆகவே மெதுவான சுமையில் வளையமில்லாப் பீமும் ஏறக்குறைய வளைவுப் பலத்தை எட்டிவிடும். வேண்டுமென்றே இப்படி எல்லைக்கோட்டில் வைத்திருக்கிறது: மூன்று வகையும் மெதுவாக ஏற்றும் ஜாக்கின் கீழ் ஒரே மாதிரித் தெரிய வேண்டும், இடியின் கீழ்தான் பிரிய வேண்டும்.

கம்பியும் கலவையும்

அடிக்கம்பி ஒவ்வொன்றும் 1.6 மீற்றர் வெட்டி, இரு முனையையும் 70 மி.மீ. மேலே மடியுங்கள். மொத்தம் 12 துண்டு. 6 மீற்றர்க் கம்பி நான்கு வாங்கினால் போதும், வெட்டிய துண்டுகளின் நிறை 12 கிலோவுக்குள். வளையம் வெளியளவில் 60 × 110 மி.மீ., வெட்டும் நீளம் 450 மி.மீ. எண்ணிக்கை: 75 மி.மீ. பீமுக்கு 20, 150 மி.மீ. பீமுக்கு 10, வளையமில்லாததற்கு 2. ஆறு பீமுக்கும் 64. மேற்கம்பியோடு சேர்த்து 6 மி.மீ. கம்பி 46 மீற்றர், சேதாரத்துக்கு 50 எடுங்கள்.

வளையத்தின் முனை மடிப்பில் கஞ்சத்தனம் வேண்டாம். வால் 60 மி.மீ. நீளத்தில், 135 பாகை மடித்து, கூட்டின் உள்ளே போக வேண்டும். 90 பாகையில் மடித்து வெளிப்பக்கமாக விட்ட வளையம், கவர் உதிர்ந்தவுடன் வாய் திறந்துவிடும். மோதலில் கவர் முதல் உதிரும் இடமே அடிபட்ட இடந்தான். மடிப்புகளை மேற்பக்கத்தில் வைத்து, ஒன்று இடம் ஒன்று வலம் என்று மாற்றிக் கட்டுங்கள். வரிசையாக ஒரே மூலையில் வைத்தால் அந்தப் பக்கம் கலவை இறங்க இடமில்லாமல் போய்விடும்.

கல் 10–12 மி.மீ. அளவாக இருக்க வேண்டும். அடிக்கம்பிகளுக்கு இடையில் உள்ள வெளி 28 மி.மீ. மட்டுமே, வழமையான முக்கால் இஞ்சிக் கல்லைப் போட்டால் கம்பிக்கு மேலே தொங்கி நின்று, கீழே வெற்றிடம் விழும். கனமீற்றருக்குச் சிமெந்து 380 கிலோ, தண்ணீர் 190 லீற்றர், மணல் 760 கிலோ, கல் 1050 கிலோ. ஆறு பீமுக்கும் ஆறு 150 மி.மீ. கனசதுரத்துக்கும் சேதாரத்தோடு 0.17 கனமீற்றர் வேண்டும்: சிமெந்து 65 கிலோ, மணல் 130 கிலோ, கல் 180 கிலோ, தண்ணீர் 32 லீற்றர். மணல் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரைக் கழிக்க வேண்டும். 5 சதவீத ஈரம் என்றால் 130 கிலோ மணலில் ஆறு லீற்றருக்கு மேலே தண்ணீர் ஏற்கெனவே இருக்கிறது. ஊற்ற வேண்டியது 26 லீற்றரே. இதைக் கழிக்காமல் விட்டால் நீர்-சிமெந்து விகிதம் 0.5 இலிருந்து 0.6 க்குத் தாவி, மேலே எழுதிய கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

மணல் மகாவலி மணல். ஆறு கொட்டியாரக்குடாவில் கடலோடு கலப்பதால், முகத்துவாரத்துக்கு அருகே அள்ளியதா மேலே அள்ளியதா என்று கேட்டு வாங்குங்கள். உப்பேறிய மணலைக் கம்பிக் கொங்கிறீட்டுக்குப் போடவே கூடாது. சோதனைப் பீம் தானே என்று விட்டால், பழகுவது பிழையான கைப்பழக்கம்.

ஆறையும் ஒரே நாளில், ஒரே மணலிலும் ஒரே வகைச் சிமெந்திலும் வார்த்துவிடுங்கள். பெட்டி 12 மி.மீ. பிளைவூட். 25 மி.மீ. பொக்கர் (கலவையை அதிர்த்தி இறுக்கும் கருவி) இருந்தால் 200 மி.மீ. க்கு ஒரு தடவை, ஐந்தாறு செக்கன். கூடப் பிடித்தால் கல் கீழிறங்கி மேலே சாந்து மட்டும் மிஞ்சும். கச்சான் வீசும் மாதங்களில் வெயிலைவிடக் காற்றுத்தான் எதிரி: மேல்மட்டம் ஒரு மணி நேரத்திலேயே காய்ந்து நுண்வெடிப்பு விடும். மட்டம் பிடித்த கையோடு பொலித்தீன் விரித்து, இறுகியதும் ஈரச்சாக்கு மாற்றி, 14 நாள் காயவிடாமல் வையுங்கள். இடிப்பது 28 நாளுக்குப் பிறகு. ஆறாவது நாள் பெட்டி கழற்றியதும் பக்கங்களுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு மெல்லியதாகப் பூசி, 50 மி.மீ. சதுரக்கோடு போட்டு, வளையம் இருக்கும் இடங்களைச் சிவப்பில் குறியுங்கள். பின்னால் வெடிப்பை வாசிப்பதற்கு இந்தச் சிவப்புக் கோடுதான் உயிர்.

இடிக்கும் சட்டம்

விழும் நிறைக்கு 300 × 200 × 25 மி.மீ. இரும்புத் தகடு நான்கு. ஒன்று 11.8 கிலோ, நான்கும் 47 கிலோ. 20 மி.மீ. போல்ட் இரண்டால் இறுக்கிக் கட்டி, கீழே 50 மி.மீ. உருளைக் கம்பியில் 100 மி.மீ. துண்டொன்றைப் பீமின் அகலத்துக்குக் குறுக்காக ஒட்ட வேண்டும். போல்ட், காது, ஒட்டு எல்லாம் சேர 50 கிலோ வந்துவிடும். தராசில் நிறுத்து எழுதிக்கொள்ளுங்கள். மூக்கைத் தட்டையாக விட வேண்டாம். தட்டை மூக்கு அரைப் பாகை சரிந்தாலும் ஒரு விளிம்பில்தான் படும், ஒவ்வொரு இடியும் வேறு இடியாகிவிடும். பீமின் மேலே 100 × 100 × 10 மி.மீ. தகடொன்றைப் பரிஸ் சாந்தில் மட்டமாக ஒட்டி, மூக்கு அதன் மேல் படச் செய்யுங்கள்.

வழிகாட்டியாக 40 மி.மீ. எல்-இரும்பு நான்கு, 3 மீற்றர் உயரம், நிறைக்கும் இரும்புக்கும் நடுவே பக்கத்துக்கு 3 மி.மீ. வெளி. கிறீஸ் பூசுங்கள். உராய்வைச் சோதிக்க எளிய வழி: செக்கனுக்கு 240 படம் எடுக்கும் கைபேசியால் பிடியுங்கள். 1 மீற்றர் தடையின்றி விழ 0.452 செக்கன், அதாவது 108 படம். 112 க்கு மேலே போனால் வழிகாட்டி எங்கோ பிடிக்கிறது. தூக்குக்குண்டு விட்டு நிமிர்த்துங்கள்.

அடித்தளம் 1800 × 600 × 150 மி.மீ. கொங்கிறீட் தட்டு, நிறை 390 கிலோ அளவு. எங்கள் கரையோர மணல் நிலத்தில் இது அவசியம். தாங்கிகளைத் தனித்தனிக் கட்டைகளில் வைத்தால், முதல் இடியிலேயே கட்டை மணலில் அமுங்கும். பீம் வாங்க வேண்டிய சக்தியில் ஒரு பங்கை மணல் குடித்துவிடும். தட்டுக்குக் கீழே மணலை நனைத்துத் திமிசு போட்டு, மெல்லிய கொங்கிறீட் விரித்து அதன் மேல் தட்டை வார்த்துவிடுங்கள்.

தாங்கி 50 மி.மீ. உருளை. அதே அளவு உருளையொன்றை மேலேயும் வைத்து, 16 மி.மீ. புரிக்கம்பியால் கீழே பிணைத்து, நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். மேலே பிடிக்காவிட்டால் இடி விழுந்த கணத்தில் பீமின் முனைகள் தாங்கியை விட்டுத் துள்ளும். நடுப்பகுதி கீழே தள்ளப்படும்போது, முனைகள் சடத்துவத்தால் எதிர்ப்பக்கம் எழும்ப முயல்வதுதான் காரணம். ஸ்பானர் போட்டு இறுக்கினால் முனை சுழல முடியாமல் பாதி நிலைத்த தாங்கியாகிவிடும், அதுவும் பிழை.

விடுவிக்கப் படகுக் கடைகளில் கிடைக்கும், சுமையோடு திறக்கக்கூடிய கொளுக்கியைப் பாவியுங்கள். ஐந்து மீற்றர் நூல் கட்டித் தூரத்தில் நின்று இழுக்கலாம். கயிற்றைக் கையால் வெட்டுவது வேண்டாம். நிறை சுழன்று விழும். நிறை மேலே நிற்கும் நேரமெல்லாம் அதன் கீழே 20 மி.மீ. கம்பி இரண்டு வழிகாட்டித் துளையில் குறுக்கே இருக்க வேண்டும். எல்லோரும் விலகிய பிறகு கடைசியாகக் கழற்றுவது அந்தக் கம்பிகள். இரு பக்கமும் தென்னங்குற்றி நட்டு, மேலே ரயர்த் துண்டு ஆணியடித்து, மூக்கு 60 மி.மீ. இறங்கியதும் நிறையின் காது அதில் குந்துமாறு அமையுங்கள். பீம் முறிந்தாலும் நிறை நிலத்துக்குப் போகாது. பீமின் முன்னால் பிளைவூட் மறைப்பு, கண்ணாடி, தலைக்கவசம் இல்லாமல் ஒருவரும் நிற்கக் கூடாது. உதிரும் கவர்த்துண்டு நேரே கண்ணுயரத்துக்கு வரும்.

எதை அளக்கலாம், எதை அளக்க முடியாது

இங்கேதான் பலர் காசை வீணாக்குகிறார்கள். தராசுக்குப் போடும் சுமை உணரியையும் அதன் அளவை வாசிக்கும் எச்எக்ஸ்711 பலகையையும் வாங்கி வைத்து இடியின் விசையை அளக்க முடியாது. அந்தப் பலகை செக்கனுக்கு அதிகபட்சம் 80 அளவுதான் எடுக்கும். இரண்டு அளவுக்கு இடையில் 12.5 மில்லி செக்கன். எங்கள் இடியின் முக்கிய பகுதி முழுவதும் அந்த இடைவெளிக்குள்ளேயே முடிந்துவிடும். கைபேசியில் உள்ள ஆர்முடுகல் உணரியும் உதவாது. புவியீர்ப்பின் 200 மடங்குவரை அளக்கும் ஏடிஎக்ஸ்எல்375 போன்றதைப் பீமில் ஒட்டலாம். இரும்பில் இரும்பு படும் உச்சத்தில் அதுவும் எல்லையில் முட்டி நிற்கக்கூடும், அப்போது வந்த எண்ணை உச்சம் என்று எழுத வேண்டாம்.

நம்பக்கூடிய கருவி ஒரு ஆணி. பீமின் பக்கத்தில் நடு உயரத்தில் ஒரு கூரான ஆணியை ஒட்டி, நிலத்தில் ஊன்றிய சட்டத்தில் கறுப்புப் பூசிய தகரத்தை அதன் முனை தொட வையுங்கள். கீறலின் நீளம் உச்சத் தாழ்வு. ஆணி கடைசியில் நிற்கும் இடம் மிச்சத் தாழ்வு. மேலே ஏறிய கீறல் மீள்துள்ளல். மூன்றும் ஒரே கோட்டில். அடியில் மரக்குச்சி வைத்து அது எவ்வளவு இறங்கியது என்று பார்ப்பது கூடாது. பீம் நின்ற பிறகும் குச்சி தன் உந்தத்தில் இன்னும் இறங்கும், அளவு கூடிக் காட்டும்.

இடி விழும் பத்து மில்லி செக்கன்

1 மீற்றரிலிருந்து விழும் 50 கிலோ 4.43 மீற்றர்/செக்கன் வேகத்தில் வந்து படும். சக்தி 490 யூல், உந்தம் 221 நியூற்றன் செக்கன். தாங்கிகளுக்கிடையே உள்ள பீமின் நிறை 43 கிலோ. எளிய தாங்கியில் நிற்கும் பீமுக்கு நடுவில் அதன் 17/35 பங்கு, 21 கிலோ, அசையும் நிறையாகக் கணக்கிடப்படும். நிறையும் பீமும் சேர்ந்து போகும்போது பொது வேகம் 3.1 மீற்றர்/செக்கன். அதற்குரிய இயக்க சக்தி 345 யூல். ஆக 490 இல் 145 யூல், மோதிய கணத்திலேயே நொறுங்கலாகவும் அதிர்வாகவும் போய்விடுகிறது; வளைத்து உறிஞ்ச வேண்டியது மிச்சம் 345.

வளைவை முதலில் பார்ப்போம், அது எளிது. வேகமாக இழுபடும்போது கம்பியும் கொங்கிறீட்டும் இரண்டுமே பலம் கூடக் காட்டும். இந்த வேகத்தில் 500 தரக் கம்பியின் இளகு தகைப்பு கால்வாசி வரை கூடலாம். பாதுகாப்பாக 1.2 மடங்கு எடுத்தால் பீமின் எதிர்ப்பு 31–32 கிலோநியூற்றன். 345 யூலை அதனால் வகுத்து, மீள்தன்மைப் பகுதிக்கு இரண்டு மி.மீ. சேர்த்தால் உச்சத் தாழ்வு 13 மி.மீ. பலக்கூட்டல் இல்லையென்று எடுத்தால் 15 மி.மீ. தகரத்தின் கீறல் இந்த அளவைச் சுற்றி வந்தால் சட்டமும் பீமும் ஒழுங்காக வேலை செய்திருக்கின்றன. மிகவும் குறைந்தால் உராய்வை அல்லது தாங்கியின் அமுங்கலைத் தேடுங்கள். மிகவும் கூடினால் பீம் வளையவில்லை, வெட்டுப்பட்டிருக்கிறது. இந்த வளைவு முடிய 7–8 மில்லி செக்கன்.

அதற்கு முன்னே நடப்பதுதான் சோதனையின் கரு. 21 கிலோ பீம் நிறையை 3.1 மீற்றர்/செக்கன் வேகத்துக்குக் கொண்டுவர 66 நியூற்றன் செக்கன் உந்தம் வேண்டும். இரும்பில் இரும்பு படும்போது அது ஒரு மில்லி செக்கன் அளவில் முடிந்துவிடும். அப்படியானால் சராசரி விசையே 66 கிலோநியூற்றன், உச்சம் அதன் இரு மடங்கை நெருங்கும். பீமின் நிலைத் தாங்குதிறன் 26 தான் என்பதை நினைவில் வையுங்கள். பீம் அந்த விசையை எப்படித் தாங்கியது? தாங்கவில்லை. தாங்கிகளுக்கு அந்த விசை போய்ச் சேரவேயில்லை. பீமின் சொந்தச் சடத்துவமே எதிர்த்து நின்றது. கொய்வு அலை நடுவிலிருந்து தாங்கிக்குப் போகவே கால் மில்லி செக்கன் எடுக்கும், வளைவு பரவ அதைவிடக் கூட எடுக்கும். அதுவரைக்கும் அசைவது மூக்கின் கீழே உள்ள சிறு துண்டு மட்டும். அந்தத் துண்டை இரு பக்கத்துக் கொங்கிறீட்டும் பிடித்து இழுக்கிறது. அந்தப் பிடிப்புத்தான் கொய்வு விசை. அது தாங்கியில் உள்ள 13 கிலோநியூற்றனோடு சம்பந்தப்பட்டதல்ல, மூக்கின் கீழே உருவான வேறொன்று.

டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சாட்ஜியும் வெக்கியோவும் செய்து 2009 இல் வெளியிட்ட பெரிய பீம் சோதனைகளிலும் கண்டது இதுவே: கொய்வுக்குப் போதிய வளையம் இருந்ததோ இல்லையோ, எல்லாப் பீமிலும் இடிபட்ட இடத்தின் கீழே சாய்ந்த வெடிப்புகள் ஆப்பு வடிவில் விழுந்தன. வளையம் வெடிப்பைத் தடுப்பதில்லை. விழுந்த ஆப்பு கழன்று போகாமல் பிடிக்கிறது.

மூன்று பீமையும் வாசித்தல்

முதலில் ஜாக் சோதனை. அமுக்கமானி பூட்டிய 5 தொன் போத்தல் ஜாக்கை, அடித்தளத்தில் பிணைத்த நான்கு 20 மி.மீ. புரிக்கம்பியும் மேலே ஒரு குறுக்கு இரும்பும் வைத்து எதிர்த்தள்ளிப் பீமை அமுக்குங்கள். வளையம் உள்ள இரண்டிலும் நடுவைச் சுற்றி நிமிர்ந்த வெடிப்புகள் ஒவ்வொன்றாக வந்து அகலும், கம்பி இளகும், பீம் நிதானமாகத் தொய்யும். வளையமில்லாததிலும் பெரும்பகுதி அப்படித்தான் போகும். முடிவில் சாய்வெடிப்பொன்று திடீரென ஓடினால் ஆச்சரியமில்லை.

இனி இடி. வளையமில்லாத பீமில் மூக்கின் இரு பக்கமிருந்தும் ஏறக்குறைய 45 பாகையில் இரண்டு வெடிப்புகள் அடிக்கம்பிவரை இறங்கும். நடுவே உள்ள சரிவக வடிவத் துண்டு கீழே தள்ளப்பட்டிருக்கும். அடிக்கம்பி அந்தத் துண்டைத் தொட்டிலாகத் தாங்க முயன்று, கம்பியோடு கம்பியாகக் கவரைக் கிழித்திருக்கும். அடிப்பக்கத்தில் நீளவாட்டில் ஓடும் அந்தக் கிழிசலைப் பார்த்தால் வளைவில் முறிந்ததல்ல என்று உடனே சொல்லலாம்.

150 மி.மீ. பீமே எங்களுக்கு எல்லாவற்றிலும் பெறுமதியானது, ஏனென்றால் தளங்களில் அதிகம் காண்பது அதன் உறவினரைத்தான். வளையம் இருக்கிறது, எண்ணினால் குறையில்லை, ஆனால் ஆப்பு விழுகிறது. சிவப்புக் கோட்டைப் பாருங்கள். பயன்படும் ஆழம் 119 மி.மீ.; 45 பாகை வெடிப்பு மேலிருந்து கீழே போகையில் கிடையாகவும் 119 மி.மீ. தான் நகரும். இடைவெளி 150 என்றால் அந்த வெடிப்பு இரண்டு வளையத்துக்கு நடுவே ஒன்றையும் தொடாமல் போக வழி இருக்கிறது, போயும் விடும். மூக்கு எந்த வளையத்துக்கு எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்பதைப் பொறுத்து ஒரு பக்கம் பிடித்து மறுபக்கம் கழன்றிருப்பதும் உண்டு. 75 மி.மீ. பீமில் எந்த 45 பாகை வெடிப்பும் ஒரு வளையத்தையாவது வெட்டாமல் போக முடியாது. அங்கேயும் சாய்வெடிப்பு தெரியும், ஆனால் மயிர் அளவில் நிற்கும். மிச்ச வேலையை நிமிர்ந்த வளைவு வெடிப்புகள் செய்யும், கீறல் கணக்குக்கு அருகே வரும்.

மேற்பக்கத்தையும் விடாமல் பாருங்கள். நடுவுக்கும் தாங்கிக்கும் இடையில் மேலிருந்து கீழே போகும் நிமிர்ந்த வெடிப்பொன்று தென்படும். நிலைச்சுமையில் அங்கே மேற்பக்கம் அமுக்கத்தில் இருக்கும், வெடிப்பு வர வழியில்லை. முதல் மில்லி செக்கனில் நடு இறங்க, பக்கங்கள் சடத்துவத்தால் பின்னிற்க, பீம் அந்த இடத்தில் தலைகீழாக வளைந்ததன் தடயம் அது. மேற்கம்பி வெறும் 6 மி.மீ. என்பதால் அது எளிதில் இளகும். மோதல் வரக்கூடிய உண்மைப் பீமில் மேற்கம்பியை, கூட்டைத் தூக்கிப் பிடிக்கும் கம்பியாக மட்டும் நினைத்துப் போடக் கூடாது. மீள்துள்ளலுக்கும் அதுதான் வேலை செய்ய வேண்டும்.

அடிக்கம்பியைக் கூட்டினால் தீராதா என்ற கேள்வி எப்போதும் வரும். தீராது, மோசமாகலாம். அடிக்கம்பி கூடினால் வளைவுத் திறன் கூடும், பீம் குறைவாகத் தொய்யும், எதிர்ப்பு விசை கூடும், அதோடு கொய்வும் கூடும். வளையம் பழையபடி இருந்தால், தொய்ந்து தப்பியிருக்கக்கூடிய பீம் வெட்டுப்படும். கொங்கிறீட் தரத்தைக் கூட்டுவதும் சிறிதளவே உதவும். இரண்டு கிலோ வளையக் கம்பி செய்வதை ஒரு பை சிமெந்து செய்யாது.

கடைசியாக, ஆறுக்கு மேலதிகமாக ஒரு பீம் வார்த்திருந்தால் அதில் மூக்குக்கும் தகட்டுக்கும் நடுவே பழைய ரயரில் வெட்டிய 20 மி.மீ. இறப்பர் வைத்து இடித்துப் பாருங்கள். உந்தம் அதேதான், ஆனால் அது பல மில்லி செக்கனுக்குப் பரவும். சாய்வெடிப்பு குறைந்து, பீம் ஜாக்கின் கீழ் போல வளைவதைக் காண்பீர்கள்.

இறங்குதுறையில் இதன் பொருள்

20 தொன் படகு 0.5 மீற்றர்/செக்கனில் வந்து முட்டினால், கூடவே நகரும் தண்ணீரைச் சேர்க்காமலே 2500 யூல். எங்கள் சட்டத்தின் ஐந்து மடங்கு. வேகம் குறைவு என்பதால் பீமுக்கு வளைய நேரம் கிடைக்கும், அது ஒரு நன்மை. ஆனால் படகின் இரும்பு விளிம்பு வெறும் கொங்கிறீட்டில் பட்டு 20 மி.மீ. க்குள் நின்றால் சராசரி விசை 125 கிலோநியூற்றன். நன்றாகக் கட்டிய ரயர் 150 மி.மீ. அமுங்கி நிறுத்தினால் 17 கிலோநியூற்றனுக்குள். ரயர் சங்கிலி அறுந்து தொங்கும் இடத்தில் உடனே மாற்றுவது, எந்தக் கொங்கிறீட் வேலையையும்விட மலிவான பாதுகாப்பு.

படகு கிடையாக முட்டுவதால் வளையத்தின் மேல், கீழ்க் கால்களே கொய்வைத் தாங்கும். மேலே வாய் திறந்த யூ வடிவ வளையம் இங்கே பாதி வேலைதான் செய்யும்.

உப்பு இதைக் கூட்டுகிறது. திருகோணமலையில் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. அதனால் நனைந்து காயும் பட்டை ஒடுக்கமானது, விளிம்புப் பீம் அனேகமாக அதிலேயே நிற்கிறது. பீமில் வெளியே இருப்பதும் மெல்லியதும் வளையந்தான், துரு முதலில் பிடிப்பதும் அதையே. 6 மி.மீ. வளையத்தில் சுற்றிவர 1 மி.மீ. தின்றால் மிஞ்சுவது 4 மி.மீ.; பரப்பில் 56 சதவீதம் போய்விட்டது. அதே 1 மி.மீ. 20 மி.மீ. பிரதான கம்பியில் போனால் இழப்பு 19 சதவீதம். நிலைச்சுமையில் அந்தப் பீம் இன்னும் வருடக்கணக்கில் ஒன்றும் காட்டாமல் நிற்கும். ஆகவே இறங்குதுறைப் புதுப்பீமுக்கு வளையம் 10 மி.மீ. க்குக் குறையாமலும், கவர் 50 மி.மீ. க்குக் குறையாமலும், இடைவெளி பயன்படும் ஆழத்தின் பாதிக்கு மேற்படாமலும், முழு நீளத்துக்கும் ஒரே நெருக்கத்திலும் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. படகு எங்கே முட்டும் என்று முன்கூட்டிக் குறித்துவைக்க ஒருவராலும் முடியாது.

முட்டுப்பட்ட பீமைத் திருத்தும்போது முதலில் முட்டுக்கொடுங்கள், பிறகு சுத்தியல் எடுங்கள். அடிபட்ட முகத்தை மட்டும் பார்க்காமல் எதிர் முகத்தையும், இரு பக்கமும் பீமின் ஆழத்தின் இரண்டு மடங்கு தூரத்தையும் தட்டிக் கேளுங்கள். பொத்தென்ற சத்தம் வந்தால் உள்ளே பிரிந்திருக்கிறது. 0.3 மி.மீ. க்கு மேலே அகன்ற சாய்வெடிப்பு இருந்தால் மேலே சாந்து பூசி மூடுவது மறைப்பு மட்டுமே. கம்பிக்குப் பின்னாலும் 20 மி.மீ. போகும்வரை கொத்தி, துருவைப் பளபளப்பாகும்வரை தேய்த்து, வளையத்தின் மீதியைக் கலிப்பரால் அளக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பரப்பு போயிருந்தால் பக்கத்தில் புது வளையம்: இரண்டு யூ துண்டுகளை எதிரெதிரே செருகி, காலோடு காலை ஒரு பக்க ஒட்டென்றால் கம்பி விட்டத்தின் 10 மடங்கு, இரு பக்க ஒட்டென்றால் 5 மடங்கு நீளத்துக்கு ஒட்டலாம். 2.5 மி.மீ. குச்சி, குறைந்த அம்பியர். கம்பி சிவக்கச் சிவக்க ஒட்டினால், வெளித்தோலைக் குளிர்த்திப் பலமாக்கிய இன்றைய கம்பிகள் அந்த இடத்தில் பலம் இழக்கும். ஒட்டின் கசடைத் தட்டி எடுத்து, கொங்கிறீட் முகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, ஈரமாக ஆனால் தண்ணீர் தேங்காமல் வைத்துத்தான் புதுக் கலவை வார்க்க வேண்டும். கழுவக் கடல் தண்ணீரை அள்ள வேண்டாம், வாளி எவ்வளவு அருகே இருந்தாலும்.